கணக்கப்பிள்ளை வாங்கிய பார்பெல்

பதுளை ஆஸ்பத்திரியில் டொக்டர் வதனி சொன்னது ஒரு வரிதான்.

"சீனி கூடிப்போச்சு ஐயா, நிறையும் தொண்ணூற்றொண்டு. ஒவ்வொரு நாளும் முக்கால் மணித்தியாலம் நடவுங்கோ."

வெள்ளைக்கல் தோட்டத்துக் கணக்கப்பிள்ளை புவனேந்திரனுக்கு அந்த வரி பிடிக்கவில்லை. நடப்பதற்கா அவர் கணக்கப்பிள்ளை ஆனார்? தோட்டத்தில் நடப்பதற்கென்றே இருநூறு பேர் ஏற்கெனவே இருந்தார்கள். விடிந்ததும் பெரட்டுக் களத்தில் பெயர் கொடுத்துவிட்டு மலை ஏறிக் கொழுந்து பறிக்கிற பெண்கள் அவர்கள். அவர்களில் நாற்பது பேர் பறித்து வருவதை மடுவத்தில், அதாவது நிறுவைக் கொட்டகையில், நிறுத்து எழுதுவது இவர் வேலை. மடுவம் வரைக்கும் மோட்டார் சைக்கிள் போகும். முப்பத்தொன்பது வயதில் திடீரென்று நடக்க ஆரம்பித்தால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? பெட்ரோலுக்குக் காசில்லை என்றுதான் நினைப்பார்கள்.

அதனால் அவர் ஒரு முடிவுக்கு வந்தார். குவாட்டர்ஸின் பின்னறையில் விறகும் காலொடிந்த கட்டிலும் கிடந்தன. அவற்றை வெளியே போட்டுவிட்டு அங்கே ஒரு ஜிம் வைப்பது. யாருக்கும் தெரியாமல் உள்ளே புகுந்து, ஊரே திரும்பிப் பார்க்கும் உடம்போடு வெளியே வருவது.

"நடக்கச் சொன்னா நடக்க வேண்டியதுதானேங்க. அதுக்கு எதுக்கு இரும்பு?" என்றாள் மனைவி யசோதினி. அவள் தோட்டப் பாடசாலையில் இரண்டாம் வகுப்புக்குப் படிப்பிக்கிறவள். வீட்டிலும் அதே பொறுமையோடுதான் பேசுவாள்.

"உனக்கு வெளங்காது. தசை வளந்தா சீனி தானா கொறையும்."

"அறுபதாயிரம். கூரத் தகடு மாத்த வச்சிருந்த காசு. அதுக்கு மேல ஒரு சதம் கெடையாது."

அறுபதாயிரம் ரூபாவோடு புவனேந்திரன் ஆராய்ச்சியில் இறங்கினார். ஆராய்ச்சி ஆறு மாதம் நடந்தது. அந்த ஆறு மாதத்தில் அவர் தூக்கிய ஆகப் பெரிய பாரம் அவருடைய போன்தான். யூடியூப்பில் கோயம்புத்தூர்ப் பக்கத்துத் தம்பி ஒருவன் கை நிறையத் தசையும் வாய் நிறையப் பேச்சுமாக வந்து பாடம் நடத்தினான். 'காசு குறைவா இருந்தா பிளேட்ல மிச்சம் பிடிங்க, பார்ல பிடிக்காதீங்க' என்பது அவனுடைய முதல் பாடம். பிளேட் வெறும் இரும்பு வட்டம், எவன் செய்தாலும் ஒன்றுதான். பிளேட்டை மாட்டித் தூக்குகிற கம்பியான பார் அப்படியில்லை. மட்டமான பார் நாலு மாதத்தில் வளையும், வளைந்த பார் ஆளின் முதுகையும் வளைக்கும்.

புவனேந்திரன் எல்லாவற்றையும் கரைத்துக் குடித்தார். பாரின் நீளம் ஏழடிக்குக் கொஞ்சம் கூட. பிடிக்கும் இடத்தில் பருமன் இருபத்தெட்டு மில்லிமீற்றர். இரண்டு முனையிலும் பிளேட் மாட்டுகிற குழாய், விரலால் சுண்டினால் சத்தம் போடாமல் சுற்ற வேண்டும். பிடியில் வெட்டியிருக்கும் கீறல் கையைக் கிழிக்காமல் கவ்வ வேண்டும். தரையில் உருட்டினால் துள்ளாமல் ஓட வேண்டும். ஒரு பாரைக்கூடக் கையால் தொட்டிராத மனிதர் முடிவெட்டுகிறவருக்கும், பஸ் கொண்டக்டருக்கும், கோயில் பூசாரிக்கும் இதையெல்லாம் விளக்கினார். பூசாரி விபூதித் தட்டோடு கால் மணித்தியாலம் நின்று கேட்டார், பாவம்.

கடைசிப் பாடம்தான் முக்கியமானது. நல்ல பாரில் இருபது கிலோ என்று அடித்திருந்தால் அது இருபது கிலோதான். இருநூறு கிராம் இப்படி அப்படி இருக்கலாம், அவ்வளவுதான். கள்ளக் கம்பனிக்காரன் எடையில்தான் கை வைப்பான். 'அதனால வாங்கின உடனே உங்களுக்கு நம்பிக்கையான ஒரு தராசுல நிறுத்துப் பாருங்க' என்று முடித்தான் அந்தத் தம்பி.

நம்பிக்கையான தராசு! புவனேந்திரன் மீசைக்குள் சிரித்துக்கொண்டார். பதுளை மாவட்டத்திலேயே அவர் நம்புகிற தராசு ஒன்றே ஒன்றுதான். அது அவருடைய மடுவத்தில் மூன்று கால் கம்பியில் தொங்கியது.

அந்த நம்பிக்கை சும்மா வந்ததல்ல. ஒன்பது வருடத்துக்கு முன்னால், வேலைக்கு வந்த புதிதில், பதுளையில் ஸலீம் கடையில் இருபத்தைந்து கிலோ அரிசி மூட்டை ஒன்று வாங்கினார். மடுவத்தில் சும்மா தொங்கவிட்டுப் பார்த்தால் இருபத்திரண்டுக்குக் கீழே நின்றது. மூட்டையோடு திரும்பிப் போய்க் கடைவாசலில் நின்று சத்தம் போட்டார். ஸலீம் சத்தியம் செய்தார், கண் கலங்கினார், இவர் அசையவில்லை. அப்புறம் இன்னொரு கடை, கோதுமை மா. அங்கேயும் குறைவு. அதற்கடுத்த கடையிலும் குறைவு. பதுளைக் கடைத்தெருவில் ஒரு நேர்மையான மனிதன்கூட இல்லை என்று புவனேந்திரன் கண்டுபிடித்தார். கண்டுபிடித்ததை வருகிறவர் போகிறவர் எல்லோரிடமும் சொன்னார். தராசைச் சந்தேகிக்கலாம் என்று மட்டும் அவருக்கு ஒரு நாளும் தோன்றவில்லை. தோட்டத்துத் தராசு அல்லவா, துரைமார் பார்த்து மாட்டியது அல்லவா.

மடுவத்தில் பெண்கள் முணுமுணுக்கும்போதும் அவரிடம் ஒரே பதில்தான் இருந்தது.

"அக்கா, நான் பொய் சொல்லலாம், நீங்க பொய் சொல்லலாம். தராசு பொய் சொல்லுமா?"

அக்கா என்றுதான் எல்லோரையும் கூப்பிடுவார். வாயில் அக்கா, கையில் கழிவு. ஒவ்வொருவர் கணக்கிலும் தினம் இரண்டு கிலோ கழியும். சாக்குக்கு ஒன்று, கொழுந்தில் ஒட்டிய தண்ணீருக்கு ஒன்று. பங்குனி வெயிலில் தேயிலை காய்ந்து சுருண்டாலும் அந்தத் தண்ணீர் மட்டும் காயாது. கழித்த பிறகு பதினெட்டுக் கிலோ நின்றால் ஒரு பேர், முழு நாள் சம்பளம். நிற்காவிட்டால் அரைப் பேர், அதாவது நாள் முழுக்க மலையில் நின்றவள் பாதி நாள்தான் வேலை செய்தாள் என்று கணக்கு. ஒரு மாதத்தில் பத்து அரைப் பேர் விழுந்தால் வேலையிலிருந்து பெயர் வெட்டு என்று உதவி மனேஜர் சின்னத் துரை புதிதாக ஒரு சட்டம் வேறு போட்டிருந்தார்.

அந்த மாதம் இராக்கம்மாவுக்கு ஒன்பது விழுந்திருந்தது.

இராக்கம்மாவுக்கு ஐம்பத்து நாலு வயது. ஓய்வுக்கு எட்டு மாதம் இருந்தது. முப்பத்தைந்து வருடம் கொழுந்து பறித்த பிறகு, எட்டு மாதம் மிச்சமிருக்கையில் பெயரை வெட்டினால் கிடைக்க வேண்டியது எதுவும் ஒழுங்காகக் கிடைக்காது. அது அவளுக்கும் தெரியும், எழுதுகிறவருக்கும் தெரியும்.

"ஐயா, இந்தச் சாக்க நான் மண்டையில தூக்கிட்டு ரெண்டு மல எறங்கி வாரேன். என் கழுத்துக்குத் தெரியாதுங்களா எத்தன கிலோன்னு?" என்று அவள் கேட்டாள்.

"கழுத்த வச்சிக் கணக்கெழுத ஏலாது அக்கா. முள்ளு எங்க நிக்கிதுன்னு பாருங்க. தராசு பொய் சொல்லுமா?"

அவள் முள்ளைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள். சாக்கை உதறி மடித்துக்கொண்டு போனாள்.

அந்தச் சனிக்கிழமை புவனேந்திரன் பார் வாங்கப் பதுளைக்குப் போனார்.

முதலில் ஒரு புதுக் கடை. கண்ணாடி, லைட், பாட்டு. பார், பிளேட், பெஞ்ச் எல்லாம் சேர்த்துத் தொண்ணூறாயிரம். குரோம் பூச்சு முகம் பார்க்கிற மாதிரி மின்னியது. புவனேந்திரனுக்கு எச்சில் ஊறியது. ஆனால் சட்டைப் பையில் அறுபதாயிரம்தான். அதோடு குழாயைச் சுண்டிப் பார்த்தபோது அது இரண்டு சுற்றிலேயே கரகரத்து நின்றது. "வெளிய மினுக்கம், உள்ள ஒண்டுமில்ல" என்று கடைப் பையனுக்குக் கேட்கிற மாதிரி சொல்லிவிட்டு வெளியே வந்தார். ஆராய்ச்சி செய்தவர் அல்லவா.

பிறகு மொஹிதீனின் இரும்புக் கடை. பழைய இரும்பு, புது இரும்பு, மூடிப்போன ஹோட்டல்களின் சாமான் எல்லாம் அங்கே வரும். மொஹிதீனுக்கு அறுபது வயதிருக்கும். வெள்ளைத் தாடி. கடைக்குள்ளே, தகரக் குவியலுக்குப் பின்னால், எல்ல ஊர்ப் பக்கத்து ஹோட்டல் ஒன்றின் ஜிம்மிலிருந்து வந்த பார் ஒன்று சாத்திக் கிடந்தது. நிறம் மங்கியிருந்தது. முனையில் இருபது கிலோ என்று ஆழமாக வெட்டியிருந்தது.

புவனேந்திரன் வேலையைத் தொடங்கினார். சீமெந்துத் தரையில் உருட்டினார். துள்ளாமல் ஓடியது. ஒற்றைக் கண்ணை மூடி நீளத்துக்குப் பார்த்தார். குழாயைச் சுண்டினார். அது சத்தமே இல்லாமல் சுற்றிக்கொண்டே இருந்தது. நகத்தால் கீறலைத் தடவினார். பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை வீட்டார் கூட அவ்வளவு நேரம் பார்த்திருக்க மாட்டார்கள். சாமான் வாங்க வந்த நாலு பேர் வந்த வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார்கள்.

"நாற்பத்தெட்டு ரூவா. நாற்பத்தஞ்சுக்குத் தாரேன், எடுத்துட்டுப் போங்க" என்றார் மொஹிதீன். ஆயிரங்களைத்தான் சொன்னார்.

"எடை சரியா இருக்குமா பாய்? இந்த டவுன்ல எனக்கு நல்ல அனுபவம் இருக்கு."

மொஹிதீனின் முகம் மாறியது. "முப்பது வருஷமா இந்தக் கடைல இரிக்கிறேன் தம்பி. கொண்டு போய் எங்க வேணும்னாலும் நிறுங்க. அரைக் கிலோ குறைஞ்சாலும் வாங்க, முழுக் காசையும் கையில வக்கிறேன்."

ஏழடி இரும்போடு பஸ்ஸில் வருவது லேசான காரியமல்ல. கொண்டக்டர் இரண்டு சீட்டுக்குக் காசு கேட்டார். ஒவ்வொரு வளைவிலும் பாரின் ஒரு முனை யாராவது ஒருவரின் விலாவை விசாரித்தது. புவனேந்திரன் அதைக் கைக்குழந்தை போல அணைத்துப் பிடித்துக்கொண்டு, பக்கத்தில் இருந்தவருக்குக் குழாயின் மகிமையை விளக்கிக்கொண்டே வந்தார்.

திங்கட்கிழமை பின்னேரம், நிறுவை நேரத்துக்குப் பாரை ஆட்டோவில் ஏற்றி மடுவத்துக்குக் கொண்டு வந்தார். தனியாக வந்து நிறுத்திருக்கலாம். ஆனால் ஆறு மாதம் படித்துப் பாஸான மனிதருக்கு ரிசல்ட்டைப் பார்க்க நாலு பேர் வேண்டாமா? நாற்பது பெண்கள் சாக்குகளோடு வரிசையில் நின்றார்கள்.

"என்னங்க ஐயா அது?"

"இதுவா? இது பார்பெல். உடற்பயிற்சி சாமான். சரியா இருவது கிலோ. இப்ப பாருங்க."

கயிறு போட்டுக் கொக்கியில் மாட்டினார். முள் துள்ளியது, ஆடியது, நின்றது. பதினேழரை.

புவனேந்திரன் கயிற்றைச் சரிசெய்தார். பதினேழரை. பாரைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டினார். தராசு கொண்ட கொள்கையில் உறுதியாக இருந்தது.

"கள்ளப் பய!" என்று கத்தினார். "தாடியும் தொப்பியும்! ரெண்டரக் கிலோ! ஒரு பார்ல ரெண்டரக் கிலோ அடிச்சிருக்கான்!"

வரிசையில் யாரோ முதலில் சிரித்தார்கள். யாரென்று தெரியவில்லை. இராக்கம்மா சிரிக்காமல்தான் பேசினாள்.

"ஐயா, அவசரப்படாதீங்க. இன்னும் சாக்குக்கு ஒரு கிலோ கழிக்கலீங்களே."

"தண்ணிக்கும் ஒண்ணு கழிங்க ஐயா, இரும்பு நனஞ்சிருக்கும்" என்றது இன்னொரு குரல்.

"அப்ப பதினஞ்சரதான். ஐயாவோட கம்பிக்கு அரப் பேரு போடுங்க!"

மடுவமே குலுங்கியது. புவனேந்திரன் காது சிவக்க மொஹிதீனுக்குப் போன் போட்டார். எல்லோர் முன்னிலையிலும் திட்டினார். அவர் முழுக்கத் திட்டி முடியும்வரை கேட்டுவிட்டு மொஹிதீன் ஒரே ஒரு வார்த்தை சொன்னார். "கொண்டு வாங்க."

அன்று இராக்கம்மாவுக்குப் பதினெட்டும் கொஞ்சமும் நின்றது. அவள் தப்பினாள்.

மறுநாள் காலை புவனேந்திரன் அரை நாள் லீவு போட்டுவிட்டு, ஏழடி இரும்போடு மறுபடி பஸ் ஏறினார். மொஹிதீன் சலாம் சொல்லவில்லை, தேத்தண்ணி வேண்டுமா என்றும் கேட்கவில்லை. கடையின் பின்பக்கம் பழைய இரும்பு நிறுக்கிற மேடைத் தராசுக்குக் கூட்டிப் போனார். அதன் பக்கத்தில் ஈய முத்திரை ஒன்று தொங்கியது.

"வருஷா வருஷம் அரசாங்கத்தால வந்து பார்த்து முத்திரை அடிக்கிற தராசு. ஏத்துங்க."

ஏற்றினார். இருபது கிலோவும் நாற்பது கிராமும்.

"இதுவும் பிழையா இருக்கலாம்" என்றார் புவனேந்திரன். குரல் அவ்வளவாக எழும்பவில்லை.

"சரி. நீங்க ஏறுங்க."

அவர் ஏறினார். தொண்ணூற்றொன்று. ஆஸ்பத்திரியில் டொக்டர் சொன்ன அதே தொண்ணூற்றொன்று.

மொஹிதீன் அவர் முகத்தைப் பார்த்தார். கோபம் போய்விட்டிருந்தது. "தம்பி, பார்ல பிழையில்ல. நீங்க எந்தத் தராசுல நிறுத்தீங்க?"

எந்தத் தராசு என்று புவனேந்திரனுக்குத் தெரிந்துவிட்டது. பாரைத் தோளில் வைத்துக்கொண்டு தெருவில் இறங்கினார். பஸ் நிலையத்துக்கு ஸலீம் கடையைத் தாண்டித்தான் போக வேண்டும். ஸலீம் இன்னும் வயதாகி, கல்லாவில் உட்கார்ந்திருந்தார். இருபத்தைந்து கிலோ மூட்டைகள் வாசலில் அடுக்கியிருந்தன. ஒன்பது வருடத்துக்கு முன் அந்த மனிதர் கண் கலங்கிச் சத்தியம் செய்தது ஞாபகம் வந்தது. புவனேந்திரன் வெட்கப்பட்டார். உண்மையாகவே வெட்கப்பட்டார். தலையைக் குனிந்துகொண்டு வேகமாக நடந்தார். ஏழடி இரும்பைத் தோளில் வைத்துக்கொண்டு ஒருவர் மறைந்து போவது எப்படி என்று எந்த வீடியோவிலும் சொல்லித்தரவில்லை.

அரிசிக்கே இப்படி என்றால் கொழுந்துக்கு? ஒன்பது வருடம். தினம் நாற்பது சாக்கு. நினைக்கத் தொடங்கி, பாதியில் நிறுத்திக்கொண்டார். கணக்கப்பிள்ளைக்கே அந்தக் கணக்கு பயமாக இருந்தது.

பஸ் நிலையத்திலிருந்து சின்னத் துரைக்குப் போன் போட்டார். விஷயத்தைச் சொன்னார். சின்னத் துரை அதிர்ச்சி அடையவில்லை. அதுதான் புவனேந்திரனுக்கு அதிர்ச்சியாக இருந்தது.

"அப்ப அந்தப் பார்தான் பிழை" என்றார் சின்னத் துரை, இதமாக.

"இல்லீங்க சேர், அரசாங்க முத்திரை அடிச்ச தராசுல..."

"புவனேந்திரன், பார்தான் பிழை. நேத்து நாற்பது பேர் பாத்தாங்க, இல்லையா? அவங்க பாத்தது பாத்தபடியே இருக்கட்டும். தராச நாங்க மெதுவா சேர்விஸுக்கு அனுப்புவோம். உங்களுக்கும் நட்டம் வேணாம். பதுளைல பார், பிளேட், பெஞ்ச் எல்லாம் சேத்து செட் இருக்காமே, தொண்ணூறாயிரமோ என்னவோ. தோட்டத்து விளையாட்டுச் சாமான் கணக்குல எடுத்துத் தாரேன். வீட்டுலயே வச்சுக்கங்க."

பஸ் ஏறி உட்கார்ந்த புவனேந்திரனின் கண் முன்னால் குரோம் மின்னியது. பெஞ்ச் கூட. தாடிக்காரக் கடைக்காரர் ஒருவரைக் கள்ளன் என்று சொன்னால் போதும். ஏற்கெனவே சொல்லியாயிற்று, புதிதாக ஒன்றும் சொல்லத் தேவையில்லை. வாயை மூடிக்கொண்டிருந்தாலே போதும். வாயை மூடிக்கொண்டிருப்பதற்குத் தொண்ணூறாயிரம் யார் தருவார்கள்? ஒன்பது வருடம் அதை அவர் இலவசமாகச் செய்திருந்தார்.

வெள்ளைக்கல் சந்தியில் இறங்கும்போது முடிவு செய்துவிட்டார். பார் பிழை. கடைக்காரன் காசு திருப்பித் தரவில்லை. கதை முடிந்தது.

பின்னேர நிறுவை தொடங்கியிருந்தது. பாரை மடுவத்துச் சுவரில் சாத்திவிட்டு மேசைக்குப் பின்னால் உட்கார்ந்தார். பெண்கள் பாரையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார்கள்.

"என்னங்க ஐயா, காசு தரலீங்களா?"

"தரல. அவன் ஒரு கள்ளன். பாரும் கள்ளப் பார். விடுங்க, வேலயப் பாருங்க."

இராக்கம்மாவின் முறை வந்தது. காலை, பகல், பின்னேரம் மூன்றையும் கூட்டிக் கழித்தால் பதினாறரை. பத்தாவது அரைப் பேர். புவனேந்திரன் பேனையை எடுத்தார். கை கொஞ்சம் பாரமாக இருந்தது, இருந்தும் எடுத்தார்.

இராக்கம்மா கெஞ்சவில்லை. புத்தகத்தைக்கூடப் பார்க்கவில்லை. சுவரில் சாத்தியிருந்த பாரைத்தான் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"பாவம் ஐயா" என்றாள் மெதுவாக. "ஆறு மாசமா போன்ல பாத்துப் பாத்துப் படிச்சீங்க. பூசாரிக்கிட்டகூட வெளக்கம் சொன்னீங்களாமே. கடசில ஒரு இரும்புக் கடக்காரன் கள்ளக் கம்பியக் குடுத்து ஏமாத்திட்டானே. எங்க வீட்டுப் பேரன் முருகேசன்னா உருட்டிப் பாத்தே கண்டுபுடிச்சிருப்பான். அவன் அஞ்சாம் வகுப்புதான்."

வரிசை முழுக்க 'ச்சு ச்சு' கொட்டியது. நாற்பது பெண்கள் ஒரே நேரத்தில் அவரைப் பார்த்துப் பரிதாபப்பட்டார்கள்.

மனச்சாட்சி ஒன்பது வருடத்தில் செய்யாத வேலையைத் தற்பெருமை ஒரே நொடியில் செய்தது.

"யாரு ஏமாந்தது?" புவனேந்திரன் துள்ளி எழும்பினார். நாற்காலி பின்னால் விழுந்தது. "நானா? அது என்ன பார்னு தெரியுமா உங்களுக்கு? அந்தக் குழாயச் சுண்டிப் பாருங்க, எப்பிடிச் சுத்துதுன்னு! இந்த மாகாணத்துலயே இப்பிடி ஒரு பார் கெடையாது! முத்திரை அடிச்ச தராசுல ஏத்திப் பாத்தேன், இருவது கிலோ! நாப்பது கிராம் கூட! என்னய எவனும் ஏமாத்த ஏலாது!"

'ச்சு ச்சு' நின்றது. தேயிலைக்கு மேலே எங்கோ ஒரு காகம் கத்தியது. புவனேந்திரனுடைய வாய் சொல்லி முடித்ததை அவருடைய காது அப்போதுதான் கேட்டது. வாயை மூடினார். தொண்ணூறாயிரம் ரூபா பெறுமதியான வாய், கொஞ்சம் பிந்தி மூடியது.

இராக்கம்மா சாக்கைக் கீழே வைத்தாள். சுவருக்குப் போய்ப் பாரை எடுத்தாள். தினமும் சாக்குத் தூக்குகிற கழுத்தும் கையும், அவளுக்கு அது ஒரு பொருட்டாக இல்லை. கொண்டு வந்து மேசைக்கு முன்னால் நிறுத்தினாள்.

"அப்ப இது இருவது கிலோ."

"ம்" என்றார் அவர்.

"தொங்க விடுங்க ஐயா."

"அக்கா, இப்ப வேணாம். நான் தொரைகிட்டப் பேசி..."

"தொங்க விடுங்க."

தொங்கவிட்டார். முள் துள்ளியது, ஆடியது, பதினேழரையில் நின்றது. வரிசையில் பின்னால் நின்றவர்களும் முன்னால் வந்து பார்த்தார்கள். நேற்றுச் சிரித்தவர்கள் யாரும் இன்று சிரிக்கவில்லை. ஒருத்தி முகத்தைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டாள். போன மாதம் பெயர் வெட்டப்பட்டவளின் தங்கை அவள்.

"ஒம்பது வருஷமா கேக்குறேன்" என்றாள் இராக்கம்மா. "தராசு பொய் சொல்லுமான்னு நீங்க எங்களக் கேட்டீங்க. இப்ப நான் கேக்குறேன். சொல்லுங்க ஐயா, இன்னிக்கி எனக்கு அரப் பேரா?"

தான் கள்ளன் இல்லை என்று சொல்ல நினைத்தார் புவனேந்திரன். முள்ளைப் பார்க்கிற துணிவு இல்லாமல் புத்தகத்தைப் பார்த்தார். பிறகு பேனையை அழுத்திப் பிடித்து, இராக்கம்மாவின் பெயருக்கு நேரே ஒரு முழுப் பேர் போட்டார். அவளுக்குப் பின்னால் வந்த எல்லோருக்கும் அன்று முழுப் பேர்தான். ஒருவருக்கும் தண்ணீர் கழியவில்லை.

சின்னத் துரை மறுநாள் காலை அவரைக் கூப்பிட்டு அரை மணித்தியாலம் பேசினார். இதமாக இல்லை. ஆனால் ஆளை நிறுத்த வேண்டுமென்றால் காரணம் எழுத வேண்டும். 'கொழுந்தைச் சரியாக நிறுத்து எழுதினார்' என்று எந்தக் கடிதத்தில் எழுதுவது? பெண்கள் இரண்டு நாள் மலைக்குப் போகாமல் பெரட்டுக் களத்திலேயே உட்கார்ந்திருந்தார்கள். மூன்றாம் நாள் 'தொழில்நுட்பக் கோளாறு காரணமாக' என்ற ஒரு நோட்டீஸும் ஒரு புதுத் தராசும் வந்தன. அந்த மாதத்து அரைப் பேர்களெல்லாம் முழுப் பேராயின. பழைய ஒன்பது வருடத்தைப் பற்றி நோட்டீஸில் ஒன்றும் இல்லை. இராக்கம்மா அதையும் கேட்டு ஒரு கடிதம் எழுதித் தரச் சொன்னாள். யசோதினிதான் எழுதிக் கொடுத்தாள். பதில் இன்னும் வரவில்லை.

குரோம் செட்டும் வரவில்லை. அதைச் சொல்லத் தேவையில்லை.

புவனேந்திரனின் பின்னறையில் விறகும் காலொடிந்த கட்டிலும் திரும்பக் குடிவந்துவிட்டன. பார் அங்கே இல்லை. அது இராக்கம்மா குடியிருக்கும் லயத்துக் காம்பராவில், கட்டிலுக்கு அடியில் இருக்கிறது. புதுத் தராசோ பழைய தராசோ, தினமும் முதலில் பார் தொங்க வேண்டும், பிறகுதான் கொழுந்து என்பது பெண்களின் சட்டம். பாரை யார் வைத்திருப்பது என்ற பேச்சு வந்தபோது கணக்கப்பிள்ளையின் பெயரை ஒருவரும் சொல்லவில்லை. நாற்பத்தைந்தாயிரம் ரூபா கொடுத்தவர் அவர். ஆனாலும் அவரும் வாயைத் திறக்கவில்லை.

ஆனால் கொண்டு வந்து தூக்கி மாட்டுவது அவர்தான். அதுவும் அவர்கள் சட்டம்தான். லயம் மடுவத்துக்கு மேலே, படிக்கட்டு வழியில் இருக்கிறது, மோட்டார் சைக்கிள் போகாது. காலையில் ஏறிப் போய்ப் பாரைத் தோளில் சுமந்து இறங்கி, தலைக்கு மேலே தூக்கிக் கொக்கியில் மாட்டுகிறார். பின்னேரம் கழற்றி, ஏறிப் போய்க் கட்டிலுக்கு அடியில் வைத்துவிட்டு வருகிறார். கீறல் கையை நன்றாகக் கவ்வுகிறது, கிழிக்கவில்லை. அந்த விஷயத்தில் கோயம்புத்தூர்த் தம்பி பொய் சொல்லவில்லை.

நாலு மாதத்துக்குப் பிறகு டொக்டர் வதனி ரிப்போர்ட்டைப் பார்த்து ஆச்சரியப்பட்டார். "நல்லாக் குறைஞ்சிருக்கு. எண்பத்து மூண்டு கிலோ. என்ன செய்யிறனீங்கள்? நடக்கிறனீங்களோ?"

"நடக்கிறேன் டொக்டர். கொஞ்சம் தூக்குறதும் உண்டு. இருவது கிலோ."

"வீட்டிலயோ?"

"இல்லீங்க" என்றார் புவனேந்திரன். மேற்கொண்டு ஒன்றும் விளக்கவில்லை. திரும்பி வரும் வழியில் ஸலீம் கடையில் ஏறி ஒரு மூட்டை அரிசி வாங்கினார். நிறுக்கச் சொல்லவில்லை. ஸலீம்தான், பழைய ஞாபகத்தில், தானாகவே தூக்கித் தராசில் வைத்துக் காட்டினார். புவனேந்திரன் வேறு பக்கம் பார்த்தார்.

அன்று பின்னேரமும் பார் தொங்கியது. முள் ஆடி இருபதில் நின்றது. நாற்பது பேரும் அதைப் பார்த்தார்கள். வரிசையில் முதலில் நின்ற இராக்கம்மா, தினமும் சொல்கிற அந்த ஒரு வார்த்தையைச் சொன்னாள்.

"எழுதுங்க."